பங்களாச் சுவரில் தேனீக்கள்

குற்றாலம்,
பங்குனி மாதம்.

ஆவுடைத்தாய்க்கு சுடலைக்கண்ணு எழுதுவது. சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். விளாத்திகுளத்தில் நீயும் பிள்ளையும் சுகமா? மாமாவுக்கு என் கும்பிடு சொல்லு.

பங்களாச் சுவர்ப் பொந்தில் தேனீ கூடு கட்டியிருந்தது. முதலாளி குடும்பம் வருவதற்குள் கொளுத்தச் சொன்னார்கள். தோட்டத்தில் பூசணி பூத்திருக்கும்போது தேனீயைக் கொன்றால் காய் எப்படிப் பிடிக்கும்? சமையல்காரர் காஜா, "கொளுத்தாண்டாம் வே, பானைக்கு மாத்துவோம்" என்றார். புகை போட்டு, அடையோடு எடுத்துப் பானைக்குள் விட்டு, தோட்டக் கடைசியில் வைத்தோம். ஈ கொட்டிக் கண் கொஞ்சம் வீங்கியது, இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே.

ஈக்கள் மறுபடி சுவருக்கே போனால் என் வேலை போய்விடும். இருப்புக்கொள்ளவில்லை. பானையருகே தும்பைச் செடிகளை வெட்டாமல் விட்டேன். ஈ முங்கிச் சாகாதபடி தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன். பாதிச் சோற்றில் எழுந்து போய்ப் பார்த்தேன்.

"ஒம்ம பொண்டாட்டியையா தேடுதீரு?" என்று காஜா சிரித்தார்.

இன்று காலை, காலில் மஞ்சள் பூந்தூளோடு ஈக்கள் பானைக்குள் நுழைந்தன. தங்கிவிட்டன.

எனக்குத்தான் இங்கே கால் தரிக்கவில்லை. சாரலுக்கு முன் என் கம்பளி வேண்டும். கொஞ்சம் கருப்பட்டியும் வேண்டும். பிள்ளை என் முகத்தை மறந்துவிட்டானா? மோட்டார் கொட்டகையை ஒட்டி ஓர் அறை தருகிறார்கள். தபால்காரர் வாசலில் நிற்கிறார். கம்பளியை யாரிடமும் கொடுத்தனுப்பாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீயே எடுத்து வா.

சுடலைக்கண்ணு