சனிக்கிழமை விரதம்

பொம்மையார்பாளையம்
11.3.2025

அன்புள்ள சிங்காரம் அண்ணனுக்குத் தேசப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

புதுப் படகில் கிடைத்த முதல் மீனை விற்காமல் வேண்டியவர்களுக்கு ஆக்கிப்போடுவது எங்கள் வழக்கம். சனிக்கிழமை வஞ்சிரக் குழம்பு. உங்களுக்கென்று என் வீட்டுக்காரி அஞ்சம்மாள் நடுத்துண்டை எடுத்து வைத்திருந்தாள். "விரதம்மா" என்று கும்பிட்டுவிட்டீர்கள். கூட வந்த உங்கள் மச்சான் சேட்டு பைக்கை விட்டு இறங்கவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஈசிஆர் ஓரக் கடையில் இருவரும் இட்லி சாப்பிட்டதை என் மகன் அருண்ராஜ் பார்த்திருக்கிறான்.

இருபது வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர் நீங்கள். சொந்தக்காரர் கூட இருந்தால் நாங்கள் ஆகாதவர்களா? "எங்க வூட்டு சோறு தொண்டையில எறங்கலையாமா, கேட்டு எழுதுய்யா" என்கிறாள் அஞ்சம்மாள்.

தேசப்பன்

மரக்காணம்
17.3.2025

தம்பி தேசப்பனுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

விரதம் பொய். பொங்கலிலிருந்து எனக்கு நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறுகிறது. புளி, மிளகாய், பொரித்தது, டீ எதுவும் ஆகாது என்கிறார் டாக்டர். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் செங்கல் வைத்துப் படுக்கிறேன். உப்பளத்தில் டீ வந்தால் பாத்தி பார்ப்பதுபோல் நகர்ந்துவிடுகிறேன். மாசி முதல் வாரம் ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து ஓடி வாந்தி எடுத்தேன். "காலைலயே ஊத்திக்கினு வந்துட்டாரு" என்று சிரித்தார்கள். நான் அதைத் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து யாரிடமும் சொல்ல வெட்கம். சட்னி தொடாத இட்லிதான் எனக்கு இறங்குகிறது.

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். நீ அறியாத ஒன்று இருக்கிறது. கடையில் சேட்டு சொன்னான்: "நல்ல வேலை செஞ்ச மாமா, அவங்க வூட்ல கை நனைக்காம வந்துட்ட."

வயிறு சரியில்லடா என்று சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். அதை நினைத்தால் உன் போனை எடுக்கக் கை வரவில்லை. அஞ்சம்மாளிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்?

சிங்காரம்

பொம்மையார்பாளையம்
22.3.2025

அண்ணனுக்கு,

கடிதத்தை அஞ்சம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்று விஷயத்தைக் கேட்டதும், "அடப்பாவி மனுஷா! சொல்லியிருந்தா புள்ள பெத்தவளுக்கு வைக்கிறாப்பல புளி காரம் இல்லாம பால்சுறா வச்சிருப்பேனே" என்று திட்டினாள். சேட்டு பேச்சு வந்ததும் எழுந்து போய்விட்டாள். நானும் மீதியைப் பிறகுதான் படித்தேன்.

சாயங்காலம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"முப்பதாந்தேதி ஞாயித்துக்கெழம வரச்சொல்லு. அண்ணனுக்குத் தனியா வேகவச்சித் தர்றேன். ஆனா அந்த மச்சானையும் இட்டுக்கினு வரணும். அவரு உள்ள வந்து உக்காந்து கொழம்பு ஊத்தி சாப்புடணும். எதுக்குக் கூப்புடறோம்னு அண்ணன் வாயால சொல்லித்தான் இட்டாரணும்."

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உங்கள் வயிற்றுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள், அவள் பார்த்துக்கொள்வாள்.

தனியாக வருவதானால் வர வேண்டாம், அண்ணா.

தேசப்பன்