கூடத்து உத்தரமும் ஒன்றரை அங்குலமும்

சமயநல்லூர்
12.9.1978

அன்பு மகன் நல்லகாமனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், பிலாயில் உன் உடம்பும் அப்படியே இருக்கும் என்று நம்பி எழுத உட்கார்ந்தேன். போன கடிதத்தில் விஷயங்கள் முன்னும் பின்னுமாக இருந்தன என்று குறைப்பட்டிருந்தாய். சரிதான். ஆகவே வரிசையை முதலிலேயே தருகிறேன்.

1. ஜெயக்கொடியும் பிள்ளையும் நலம்.
2. கூடத்து உத்தரம் ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது.
3. நீ எழுதியும் தூண் நிறுத்தாததன் காரணம்.
4. நாளை தூண் நிற்கும்.

முதலாவது, தந்தி கிடைத்திருக்கும். உன் தங்கையை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். தலைப்பிரசவம், நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஆனால் அவள் மாமியார் ஒச்சாயி, ஒரு முட்டுக்கூடக் கொடுக்காத வீட்டுக்கு என் பேரன் வர மாட்டான், நேரே மேலூருக்குத் தூக்கிட்டுப் போறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டார். உன் அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது, சித்திரையில் சாப்பாட்டு இலையில் மண் உதிர்ந்ததே, அன்றே உத்தரத்தில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்தேன். தினமும் காலை ஆறரைக்குக் குறிக்கிறேன். நோட்டில் நூற்றைம்பது நாள் கணக்கு இருக்கிறது. கல் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது. ஐந்து மாதமாக உத்தரத்துக்கு நேர் கீழே நாங்கள் யாரும் தும்முவதில்லை. ஜெயக்கொடியை அடுப்படியில்தான் படுக்க வைத்தோம். தும்மல் வந்தால் உன் அம்மா வாசலுக்கு ஓடுகிறாள்.

மூன்றாவது, உடனே தூண் நிறுத்துங்கள் என்று நீ எழுதியது நியாயம். அன்றைக்குத் தடுத்தவரும் இதே ஒச்சாயிதான். சூலி இருக்கிற வீட்டுல கால் ஊனப்படாதுண்ணே, ஆணிகூட அடிக்கப்படாது, வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்றார். கால் என்ற பெயரில்லாத தாங்கல் ஏதாவது அகப்படுமா என்று அகராதியை எடுத்தேன். கால் என்றால் தூண், உடம்பின் கால், காற்று, கால் பங்கு என்று போகிறது. உத்தரம் என்றால் மரமும் உண்டு, பதிலும் உண்டு, ஒரு நட்சத்திரமும் உண்டு. முப்பது வருடம் விட்டம் என்றால் வட்டத்தின் குறுக்குக்கோடு என்று கரும்பலகையில் போட்ட எனக்குத் தலைக்கு மேல் உள்ள விட்டம் புரியவில்லை. முட்டு என்ற சொல் ஆகும் என்று நினைத்தேன், அதற்குப் பெண்கள் தீட்டு என்றும் ஒரு பொருள் போட்டிருந்தது. அதைச் சம்பந்தியம்மாளிடம் போய் எப்படிச் சொல்வது? அகராதியை மூடிவிட்டேன். பேர் என்னவா இருந்தா என்ன, குழி தோண்டுனா அது வேலைதானே என்று உன் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நான்காவது, இப்போது சூலி வீட்டில் இல்லை. மரவேலை பார்க்கும் காளை நாளை வருகிறான். நானும் ஒருக்க அளந்துக்கிறேனே வாத்தியாரய்யா என்றான். நோட்டைக் காட்டினேன், அளவை எழுதிக்கொண்டு போனான். சித்திரையில் இருந்த உயரத்தில் ஒன்றரை அங்குலம் கழித்துக் கொடுத்திருக்கிறேன்.

14.9.1978

நேற்றே இதை முடித்திருக்க வேண்டும், கை ஓடவில்லை. காளை இரண்டடிக் குழி தோண்டித் தூணை ஊன்றினான். தூண் உத்தரத்தைத் தொடவில்லை. இடைவெளியில் என் அளவுகோலை நுழைத்தான், சரியாக ஒன்றரை அங்குலம். பிறகு ஏணி போட்டு ஏறி உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது இரும்பு மாதிரி இருக்கு, ஒரு நூலளவுகூட எறங்கல, கல்லைக் கட்டித் தொங்கவிட்டீகளே, அந்த நூலுதான் நீண்டிருக்கு என்றான். இலையில் விழுந்தது ஓட்டுக்கு அடியில் எலி பறித்த மண்ணாம். அவன் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

இன்று காலை ஒச்சாயி பார்க்க வந்தார். அதற்குள் உன் அம்மா தூணுக்கு மஞ்சள் பூசி, உச்சியில் அடர்த்தியாக மாவிலை கட்டி அந்த இடைவெளியை மறைத்துவிட்டாள். சம்பந்தியம்மாள் தூணைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இப்பத்தாண்ணே வீடு நிக்குது, பேரன் நாளைக்கு இங்கதான் வருவான் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தூணுக்காக லீவு போடாதே, பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு வா. வரும்போது அண்ணாந்து பார்க்காதே, பார்த்தாலும் எதுவும் கேட்காதே. மாவிலை காயக் காய மாற்றிவிடுவதாக உன் அம்மா சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவர் ஆசீர்வாதமும்.

உன் அப்பா
சிவனாண்டி

பி.கு. அடித்துத் திருத்தக் கடிதத்தில் இடமில்லை. மேலே இரண்டாவதாக எழுதியிருப்பது தவறு.