மணி அடித்தால் சொல்ல வேண்டும்

என் ஜெயத்துக்கு,

சொல்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் எழுதுகிறேன். கோபம் இருந்தாலும் படித்துவிடு.

கதிர்காமம் பக்கம் ஒரு கத்தரி வயலில் வேலை செய்கிறேன். பிரான்சிலிருந்து க்சாவியே என்ற எஞ்சினியர் ஒரு சின்ன வண்டி கொண்டுவந்திருக்கிறார். அதிலிருந்து லேசர் என்ற சிவப்பு ஒளி, தரைக்குச் சற்று மேலே மெல்லியதாக நீளும். எந்தத் தண்டு குறுக்கே வந்தாலும் மணி அடிக்கும். நாளைக்குக் களையெடுக்க மெஷின் வந்தால், அது பயிரை வெட்டிவிடக் கூடாதே, அதற்கான சோதனை. மணி அடித்ததும் அது செடியா, களையா என்று பார்த்து உரக்கச் சொல்வதுதான் என் வேலை.

உரக்க! என்னைத்தான் உனக்குத் தெரியுமே. முதல் நாள் காலையில் குரலே எழும்பவில்லை.

“வாயில இன்னாடி வச்சிருக்க? இப்பிடியே நின்னா நாளைக்கு என் மவள நிக்க வச்சிடுவேன்” என்றார் மேஸ்திரி ஆயம்மா.

அடுத்த மணிக்குப் பயத்திலேயே “செடி!” என்று கத்தினேன். மறுபடி “செடி!” பிறகு பயம் போன இடமே தெரியவில்லை. நம் வகுப்பில் வருகை எடுப்பது போலவே இருந்தது.

வரிசை முடியும் இடத்தில் மணி அடித்தது. குனிந்து பார்த்தால், ஒளிக்குக் குறுக்கே என் கால்!

“மத்மொசேல், சின்னப் பெண்ணே, இது செடியா, களையா?” என்றார் க்சாவியே.

“உள்ளேன் டீச்சர்!” என்று கத்திவிட்டேன்.

வயலே சிரித்தது. “நாளைக்கும் நீயே வாடி” என்றார் ஆயம்மா.

இத்தனை வருஷம் வகுப்பில் எனக்காக அந்த ‘உள்ளேன் டீச்சர்’ சொன்னவள் நீதானே?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிடு. தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்கிறேன்.

உன் பக்கத்து இடத்துக்காரி