தரையில் வைக்க முடியாத பை

லோவெச்
ஜூன் 12

அன்பு மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுறது. இங்கே அப்பா சுகம், நானும் சுகம், என் வலது தோளை மட்டும் அதுல சேர்க்காதே. சிகாகோவுல நீயும் மாப்பிள்ளையும் முழுசா சுகமா இருக்கீங்களான்னு எழுது. போன்ல சொன்னா நடுவுல நீ அதட்டுவே, அதனாலதான் கடிதம்.

நீ சொன்ன மாதிரியே பையை மாத்திட்டேன். ஒத்தைத் தோள்ல தொங்குற அந்தப் பழைய தோல் பையோட இன்னொரு கல்யாண சீசன் ஓட்டினா கையைத் தூக்கவே முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னதும், புதுப் பையும் ஒத்து வரலேன்னா கேமராவை வித்துட்டு வீட்டுல உக்காருன்னு அப்பா சொன்னதும் உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமா இந்த ஊர்க் கல்யாணத்தையெல்லாம் படம் எடுத்தவ வீட்டுல உக்காந்து என்ன செய்யறது, உங்கப்பாவோட தக்காளிச் செடியையா படம் எடுக்கறது? அதனால தலைநகரம் சோபியாவுக்கே போய் ரெண்டு தோள்லயும் மாட்டற பை வாங்கினேன். உங்கம்மா புத்திசாலித்தனத்தைக் கேளு. கடையில காலிப் பையை மாட்டிக்கிட்டு, கண்ணாடி முன்னால இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, ஆகா பஞ்சு மாதிரி இருக்கேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். காலிப் பை பஞ்சு மாதிரி இல்லாம பாறாங்கல்லு மாதிரியா இருக்கும்? வீட்டுல வந்து ரெண்டு கேமரா, நாலு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் வெச்சு மாட்டினா பின்னால சாய்ஞ்சேன், அப்பா பிடிக்கலேன்னா அலமாரியோட விழுந்திருப்பேன். இடுப்பு வாரை இறுக்கிக் கட்டினா பாரம் தோள்ல இறங்காதுன்னு அவர்தான் கண்டுபிடிச்சார், அன்னிலேர்ந்து அந்தப் பெருமை தாங்க முடியல. இன்னொண்ணும் இருக்கு. திருடன் கை வைக்கக் கூடாதுன்னு அந்தப் பைக்கு ஜிப்பு முதுகுப் பக்கம், கழட்டி எங்கேயாவது வெச்சாத்தான் திறக்கும். கடைக்காரர் இதை ரெண்டு தடவை சொன்னார், நான் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

போன சனிக்கிழமை மெத்தோதியோட மகளுக்குக் கல்யாணம். அதான், மனைவி செத்தப்புறம் ஒத்தை ஆளா அந்தப் பொண்ணை வளர்த்தாரே, பஸ் ஓட்டுற மெத்தோதி. பொண்ணு கடற்கரைப் பக்கம் வர்னா ஊருக்கு வாழப் போறா. வாசல்ல செம்புப் பானை நிறையத் தண்ணி, மேல பூ, பொண்ணு வெளியே வர்றப்ப எட்டி உதைக்கணும், அந்த ஒரு நொடியை விட்டா விட்டதுதான். கிளாரினெட்காரர் ஊத ஆரம்பிச்சுட்டார், வர்றா வர்றான்னு ஒரே கூச்சல், நான் லென்ஸ் மாத்தணும். பையைக் கழட்டியாச்சு, கீழே வைக்கணும். வைக்க முடியலடி! பையைத் தரையில வெச்சா காசு ஓடிப்போயிடும்னு நம்ம ஊர்ப் பொம்பளைங்க சொல்றப்பல்லாம் எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன், பெரிய மேதாவி மாதிரி! கை வரவே இல்ல. மேஜை பூரா ரொட்டியும் ஒயினும். பக்கத்துல நின்னவர் மெத்தோதி. ஒரு நிமிஷம் பிடிங்கண்ணேன்னு அவர் நெஞ்சுல சாத்தித் திறந்து, லென்ஸை உருவி மாட்டிக்கிட்டு ஓடிட்டேன். திறந்த பையிலேர்ந்து எதுவும் விழுந்துடக் கூடாதேன்னு அந்த மனுஷன் ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நின்னார். பொண்ணு உதைச்ச உதையில பானை வேலிகிட்ட போய் விழுந்துச்சு, இனிமே அந்த வீட்டுல யார் ராஜ்ஜியம்னு தெரிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சிரிச்சாங்க, படம் அருமையா விழுந்துச்சு. அப்புறம் அவ ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கிட்டா. நடுவுல என் பை! மூக்கு நுனியில கண்ணீர் சொட்டுது, துடைக்க அவருக்குக் கை இல்ல, பெத்த பொண்ணை அணைக்கவும் கை இல்ல. பதினோரு படம் எடுத்திருக்கேன், பதினொண்ணுலயும் பை. நான் போய் வாங்கறதுக்குள்ள காரெல்லாம் கிளம்பிடுச்சு.

ரெண்டு நாளா எனக்கு ஒரு வாய் இறங்கல. ஒரு தகப்பனுக்கு ஒரே தடவை வர்ற நேரத்தைக் கெடுத்துட்டேனே, இனி எனக்கு எதுக்குக் கேமரா, வித்துடறதுதான்னு முடிவே பண்ணிட்டேன். திங்கட்கிழமை அவர் படம் பார்க்க வந்தார். புத்தி கெட்டுப்போய் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்கண்ணேன்னு அழாத குறையாச் சொன்னேன். அவர் அந்தப் பதினோரு படத்துல ஒண்ணைத் தொட்டுக் காட்டினார். அப்புறம், விடும்மா, கையில உன் பை இருந்ததாலதான் அவளைப் போகவிட்டேன், இல்லேன்னா விட்டிருக்கவே மாட்டேன்னார். அதையே பெரிசாப் போட்டுக் கொடு, சுவத்துல மாட்டணும்னார். அவர் போனதும் உங்கப்பா எழுந்து தக்காளிக்குத் தண்ணி விடப் போயிட்டார். அரை மணி நேரம் முன்னாலதான் விட்டிருந்தார்.

கேமராவை விக்கல. பையைத்தான் மாத்திட்டேன். இது இடுப்புல கட்டி முன்பக்கம் வெச்சுக்கிறது, நின்னபடியே மேல திறக்கலாம், எங்கேயும் இறக்கி வைக்க வேண்டாம். இந்தத் தடவை எல்லாத்தையும் உள்ளே அடுக்கிக் கட்டிக்கிட்டுக் கடைக்குள்ளேயே பத்துச் சுத்து நடந்தேன், கடைக்காரர் தலைவலி மாத்திரை போட்டுக்கிட்டார். மாசமா இருக்கிற கங்காரு மாதிரி இருக்கேன்னு அப்பா சொல்றார், சொல்லட்டும், தோள் வலிக்கல. அடுத்த மாசம் மூணு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்.

ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நல்லா இருங்க, கடவுள் காப்பாத்துவார். ஆகஸ்ட்டுல வர்ற தேதியை மறக்காம எழுது. நீ விமானம் ஏறின அன்னிக்கு வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாலயும் உன் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு விடாம உன் மானத்தை வாங்கினேனே, அதுக்கு நீ இன்னும் கோவமா இருக்கியோ என்னவோ. என்னடி பண்றது, அன்னிக்கு என் கையில ஒண்ணுமே இல்ல.

இப்படிக்கு,
உன் அம்மா பவ்லீனா