ஒரு செம்புத் தண்ணீர்

திண்டுக்கல்,
18.1.2024

அன்புள்ள பழனியம்மாள் அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

போனில் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் காது கேட்பதில்லை. அதனால்தான் காகிதம்.

உன் கிட்னியை எனக்குத் தருவதாகச் சொன்னாயாம். என் மனைவி நாகஜோதி வந்து சொன்னதும் அழுதுவிட்டேன். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடையது ஆகாது என்றார்கள். அதற்காக அறுபத்தொரு வயதில் நீ கத்திக்குப் படுப்பதா? உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன்? வேண்டாம் அக்கா. வாரம் மூன்று டயாலிசிஸோடு என் காலம் ஓடட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது நீ நீட்டிய செம்பில் ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தேன். உன் முகம் வாடிப்போனது. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் எனக்கு அனுமதி. கோபமில்லையே?

உன் தம்பி,
சோலைமுத்து

நிலக்கோட்டை,
26.2.2024

அன்புத் தம்பி சோலைக்கு,

கோபம்தான். வந்தவுடன் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எவனாவது திருப்பித் தருவானா என்று அன்றைக்கெல்லாம் அழுதேன். இப்போதுதான் விவரம் புரிகிறது.

ஒரு உண்மை சொல்கிறேன். எனக்கு அறுபத்தொன்று இல்லை. ஆதார் எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து, தோன்றிய வயதைப் போட்டுவிட்டுப் போனார். நீ பிறந்தபோது எனக்குப் பதினாறு. உனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. கணக்கு வாத்தியாருக்குக் கூட்டலும் நான்தான் சொல்லித்தர வேண்டுமா?

என் மகன் கண்ணனோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் இதை ஒப்புக்கொண்டேன். "என் கிட்னி கெழடாச்சே தாயி, அவனுக்கு ஒழைக்குமா?" என்று கேட்டேன்.

"வயச மட்டும் பாத்து வேணாம்னு சொல்ல மாட்டோம்மா. சோதனையில எல்லாம் நல்லா இருந்தா எடுப்போம். ஒங்களுக்கு ஆபத்துன்னா, நீங்க அழுதாலும் எடுக்க மாட்டோம்" என்றார்.

ஒரு மாதம் அலைந்து எல்லாச் சோதனையும் முடித்தேன். இருதயம், பிரஷர், சர்க்கரை, கிட்னி எல்லாம் நன்றாக இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் தேறாதவள் இதில் தேறிவிட்டேன். இனி உன் சம்மதம்தான் பாக்கி. சரி என்று ஒரு வரி எழுது.

அக்கா,
பழனியம்மாள்

நிலக்கோட்டை,
10.11.2024

அன்புத் தம்பிக்கு,

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் சோதனைக்குப் போனேன். மிச்சமிருக்கும் ஒற்றைக் கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறதாம். பழையபடி தோட்டத்துக்கு மல்லிகை பறிக்கப் போகிறேன். "வெயில்ல நிக்காத ஆத்தா" என்று கண்ணன் கத்துகிறான். காது கேட்காததும் நல்லதற்குத்தான்.

என் கிழட்டுக் கிட்னி அங்கே அடம்பிடிக்காமல் இருக்கிறதா? மாத்திரையை நேரம் தவறாமல் போடு.

அக்கா

திண்டுக்கல்,
19.11.2024

என் அக்காவுக்கு,

அடமா? உன்னைப் போலவே ஓயாமல் உழைக்கிறது. இளவயதுக்காரர் கொடுத்திருந்தால் ரிப்போர்ட்டில் எண் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்குமாம். ஆனால் எனக்கு இதுவே தாராளம் என்கிறார் டாக்டரம்மா. உன் உண்மையான வயதைச் சொல்லி, "ஒங்க அக்கா தைரியசாலி சார்" என்றார். அந்த அறையில் எனக்கு இருந்த பெருமையை எழுதத் தெரியவில்லை.

முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியூர் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன்.

தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, அதே செம்பு நிறைய எடுத்துக்கொண்டு வாசலுக்கு வா. உன் கண் முன்னால் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

உன் தம்பி,
சோலை