நத்தாரும் கோப்பிப் பழமும்

ஹரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிறேமினிக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், ஹொண்டுராஸ் மலையில் நீயும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் தோட்டத்திலிருந்து நீ அனுப்பிய கோப்பிக்கொட்டை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. பச்சையாக இருந்தபடியால் நான் எங்கள் வழக்கப்படி மல்லியும் சுக்கும் மிளகும் போட்டுக் கறுக்கக் கறுக்க வறுத்தேன், வீடு முழுக்கப் புகை, அலாரம் கத்திப் பக்கத்து வீட்டு யசோதினி ஓடி வந்துவிட்டாள். அப்பா சட்டியைப் பார்த்து, “பிள்ளை முறிஞ்சு முறிஞ்சு பிடுங்கினதை இருமல் மருந்தாக்கிப் போட்டியே” என்று என்னோடு பாய்ந்தார். பாய்ந்த மனிதன் இரண்டு கோப்பை குடித்தார், அதையும் எழுதத்தானே வேண்டும். மிச்சக் கொட்டையை அவரே எடுத்து, நீ போனில் சொன்னபடி வேறொன்றும் சேர்க்காமல் மண்ணிறம் வந்ததும் இறக்கினார், பாலும் சீனியும் கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு. முதல் மிடறு புளித்தது, இது கோப்பியா தேத்தண்ணியா என்று கேட்டேன். கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்தபோது தோடம்பழத்தைச் சுளை எடுக்க உரிக்கிறபோது வருகிற தோல் வாசமும், கடைசியில் பனங்கட்டி கடித்ததுபோல ஓர் இனிப்பும் வந்தது. உண்மையாகவே நல்லாயிருந்தது மகள்.

கோப்பிப் பழம் சிவக்கிற காலம், பாலன் யேசு பிறந்த நத்தாருக்கு வீட்டுக்கு வர முடியாது என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு உன்னில் கோபம். மரத்துக்காகத் தாயை விடுகிறாளே என்று பூசை முடிந்து கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சிவந்ததை மட்டும் பிடுங்க வேண்டும், காயும் கலந்தால் ருசி கெட்டுவிடும் என்று நீ விளங்கப்படுத்தியதை நான் அன்று காதில் வாங்கவேயில்லை. பஸ் கொஞ்சம் பிந்தினாலே குதிக்கிற பிள்ளை நீ, ஒரு பழத்துக்காகப் பொறுத்து நிற்கிறாய் என்று நினைக்கப் பெருமையாகவும் இருக்கிறது, அழுகையும் வருகிறது. ஆனாலும் நீ இல்லாத நத்தார் எனக்கு நத்தார் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது, “அப்ப நாங்கள் அங்கை போவம்” என்றார். லூர்து மாதாவிடம் போய் வந்ததற்கே கால் வீங்கிப் படுத்த மனிதன்! டிக்கெட் எடுத்தாயிற்று. நீ பழத்தை விட்டுவிட்டு வராதே.

மலையில் குளிருமாம், காதை மூடிக்கொண்டு படு. நத்தார்ப் பூசை எந்தக் கோயிலில் என்று விசாரித்து வை. ஆண்டவர் உன்னையும் உன் கைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

என்றும் உன் அம்மா,
இம்மாகுலேற்

பி.கு: இடுப்பில் கட்டிப் பழம் பிடுங்குகிற கூடை எங்களுக்கும் இரண்டு எடுத்து வை. சும்மா இருந்து பார்க்க நாங்கள் வரவில்லை.