வெள்ளாவி வைத்த கூடாரம்

மட்டாஞ்சேரி, 1959 நவம்பர் 22, ஞாயிறு

காலையிலிருந்து மூடாப்பு. கொடி நிறைய ஹோட்டல் விரிப்புகள். அப்பா வானத்தைப் பார்ப்பதும் துணியைத் தொட்டுப் பார்ப்பதுமாக. மழை வரவில்லை.

எனக்கு வானம் கண்ணில் படவே இல்லை. ஆனைமுடி மலை! கிறிஸ்துமஸ் லீவில் நாலு நாள். அன்னம்மா டீச்சர் (இனி அ.டீ.) வெள்ளிக்கிழமை எங்கள் ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் பூகோள மேப்பை விரித்து விரலால் வழி காட்டினார். மூணாறு வரை பஸ். பிறகு நடை. ராத்திரி கூடாரம். வழிகாட்டி ஒருவர். "ஆரொக்கே வருது?" சுலோசனா டீச்சர் கை தூக்கினார். பிறகு இன்னும் இரண்டு பேர். என் கை மடியிலேயே. அ.டீ. என்னைப் பார்த்து, "செல்வி தூக்கியாச்சு, நான் கண்டேன்" என்றார். நான் தூக்கவில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

பி.எஸ்ஸி. தாவரவியல் படித்து என்ன? மலைச்செடி எல்லாம் காகிதத்தில் ஒட்டிய சருகாகத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து நான் ஏறிய அதிக உயரம் கல்லூரி மாடி.

வீட்டில் இன்னும் கேட்கவில்லை.

நவம்பர் 23, திங்கள்

கேட்டேன். இட்லி விள்ளும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே.

அம்மா: "மலை மேல என்ன இருக்கு?"

"அதைப் பார்க்கத்தாம்மா போறோம்."

சித்தப்பா தன் அடுப்பங்கரையிலிருந்தே (ஒரே முற்றம், இரண்டு அடுப்பு, ரகசியம் கிடையாது): "அங்கே ஆனை உண்டு அண்ணி. ஆனை எதிர்ல வந்தாக்கூட இவ வாய் திறந்து கத்த மாட்டா. அதுக்கு வழி விட்டு ஒதுங்கி நிப்பா."

அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டை முடிந்தது, இன்னொன்று. அப்புறம்தான்: "ராத்திரி எங்க படுப்பே?"

"கூடாரத்துல."

"யார் கூடாரம்?"

"டீச்சரோட அண்ணன் பட்டாளத்துல இருந்தாரு. அவர் கொண்டுவந்தது."

"அதை இங்க கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன்."

முடியாது என்று சொல்லவில்லை! பிள்ளைகளின் சயன்ஸ் நோட்டுகள் திருத்தினேன். எல்லாருக்கும் தாராளமாக மார்க்.

நவம்பர் 25, புதன்

கூடாரம் வந்துவிட்டது, ரிக்‌ஷாவில். என்ன கனம்! பச்சையும் இல்லாத காக்கியும் இல்லாத நிறம், தொட்டால் பிசுபிசு, பழைய டிரங்குப் பெட்டி வாசனை. "வெயிலத்து ஒண்ணு ஒணக்கினா மதி மோளே" என்று அ.டீ. சொல்லித்தான் கொடுத்தார்.

அப்பா ஓரத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். முகம் போன போக்கு!

"இந்தப் பிசுக்குலயா எம் பொண்ணு படுக்கறது?"

"வெயில்ல காயவச்சாப் போதும்னாங்கப்பா."

"நம்ம வீட்டுக்கு வந்த துணி துவைக்காம திரும்பிப் போயிருக்கா?"

போனதில்லை. கைக்குட்டை கூட. ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 28, சனி

துவைத்தாகிவிட்டது. உவர்மண்ணில் ஊறல், ராத்திரி முழுக்க வெள்ளாவி. காலையில் குளத்தில் அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறிக் கல்லில் அடித்தார்கள். தண்ணீர் மேல் பால் ஆடை போல ஏதோ மிதந்தது. குளக்கரை முழுக்கக் கூடி நின்று பார்த்தது. "யுத்தம் முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு, அழுக்கு இப்பத்தான் போகுது" என்றார் சித்தப்பா. ஒரே சிரிப்பு.

பிறகு கஞ்சி, துளி நீலம், தேய்ப்பு. முற்றத்தில் விரித்தால் கண் கூசுகிறது, வெள்ளை முயல் நிறம். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் சேங்கொட்டை மையில் ஒரு குறி உண்டு; எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் கிடையாது. அப்பா கொஞ்சம் யோசித்து, கூடாரத்தின் மூலையில் ஒரு கோடு போட்டு அதன் மேல் முக்கோணம் வைத்தார். மலையாம்.

"ம். இதுல படுக்கலாம். போய்ட்டு வா."

போய்ட்டு வா!!

நவம்பர் 29, ஞாயிறு

மழை தூறி நின்றது. தெருவில் எலெக்‌ஷன் ஜீப், மைக் சத்தம்.

சேகரிக்க வேண்டியவை: கம்பளி (சித்தியிடம்). டார்ச். கான்வாஸ் ஷூ. அவல், சர்க்கரை. அட்டைக்கு உப்பும் புகையிலையும். செடி அழுத்தப் பழைய பேப்பர், நிறைய. கால்சட்டை??

சேலை கட்டி வந்தால் அழைத்துப் போக மாட்டேன் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். யாரிடம் போய்க் கால்சட்டை கேட்பது? அம்மா பரணிலிருந்து ஒன்றை இறக்கினாள். ஏதோ கப்பல் என்ஜினியர் சலவைக்குப் போட்டுவிட்டு வராமலே போனது. "ஆள் வந்து கேட்டா?" என்றேன். "வந்தா சொல்லு, ஆனைமுடில இருக்குன்னு." இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போட்டு நடந்து பார்த்தேன். இரண்டு கால்கள் தனித்தனியாக இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஏறிப் பழக மட்டாஞ்சேரியில் ஒரு மேடு கூட இல்லை. அ.டீ.யும் நானும் கோட்டைப் பக்கம் கடற்கரை மணலில், முதுகில் அரிசிப் பையோடு நடந்தோம். மீன்காரர் ஒருவர்: "டீச்சரே, அரி மறுகரைக்கோ?" அரிசி அக்கரைக்கா என்று கிண்டல்.

டிசம்பர் 2, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

வழிகாட்டி ராயப்பன் வந்தார். மூணாறு எஸ்டேட்காரர், கண்ணாடி போட எர்ணாகுளம் வந்தவர், சாமான்களைப் பார்த்துவிட்டுப் போக ஸ்கூலுக்கு வந்தார். மைதானத்தில் கூடாரம் அடித்தோம். வெள்ளை வெளேர் என்று நின்றது. எனக்கு உள்ளூரப் பெருமை. அவர் சுற்றிவந்தார். தட்டிப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கூரை மேல் ஒரே வீச்சு. உள்ளே நின்ற சுலோசனா டீச்சர் நனைந்து வெளியே ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, இது கூடாரமில்ல, கொசுவலை. மெழுகு பூசின துணில்ல இது. மெழுகெல்லாம் எங்க?"

குளத்தில். பால் ஆடை.

சுலோசனா டீச்சர் முந்தானையைப் பிழிந்துகொண்டே: "அலக்கி அலக்கி அதை கொன்னுகளஞ்ஞு." துவைத்துத் துவைத்தே கொன்றுவிட்டோமாம்.

"ராத்திரி மழையோ பனியோ வந்தா அஞ்சு பொம்பளைங்களும் நடுங்கிச் சாவீங்க. நான் கூட்டிட்டுப் போமாட்டேன். வேற கூடாரம் கிடைச்சா ஒரு கார்டு போடுங்க." தொப்பியை மாட்டிக்கொண்டார்.

வேறு கூடாரத்துக்கு எங்கே போவது? யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. அப்போது ஒரு குரல் கேட்டது, என்னுடையதுதான்: "எங்க அப்பா துவைச்சது. நானே சரி பண்ணித் தரேன். கார்டு போடுவோம்."

ராயப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டார், ஏனோ.

டிசம்பர் 3, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். "பிசுக்குன்னு நெனச்சேன்" என்றார். சாயா ஆறிப்போனது.

பகல் முழுக்க ஒரே யோசனை. ஐந்தாம் பீரியடில், போர்டில் தண்டின் குறுக்குவெட்டு வரையும்போது சட்டென்று: கல்லூரி லேபில் தண்டையும் வேரையும் உருகிய பாரஃபின் மெழுகில் முக்குவோமே! சூடு இருந்தால் மெழுகு உள்ளே இறங்கும். மெழுகு இங்கே கிடைக்காதா? இத்தனை மாதா கோவில்கள், இத்தனை மெழுகுவர்த்திகள். சூட்டுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா?

சாக்பீஸை வைத்துவிட்டேன். பிள்ளைகள், "டீச்சர், படம் பாதியில நிக்குது!"

டிசம்பர் 6, ஞாயிறு

அ.டீ. தன் மாதா கோவில் பணியாளான கப்பியாரிடம் கேட்டு எரிந்த மெழுகுவர்த்தித் துண்டுகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். "புண்ணியாளன்மாரோட மெழுகு, செல்வி. சோராது." புனிதர்களுடைய மெழுகு ஒழுகாதாம். முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா நாற்காலி தேடினாள். அவர் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் மெழுகைத் துணியில் தேய்க்க, அப்பா இஸ்திரிப் பெட்டியால் இழுக்க. முதல் இழுப்பில் புகை. "சூடு ஜாஸ்தி." சிரட்டைக்கரியைக் குறைத்து, வாழையிலையில் ஒரு தேய்ப்பு, மறுபடி. துணி மெல்ல நிறம் மங்கிக் கண்ணாடி போல ஆனது. சித்தப்பா: "மூணு நாள் கஷ்டப்பட்டு எடுத்த அழுக்கை மறுபடி பூசறோம். கூலி யாரு தருவா?"

அப்பா சிரித்தார், நாலு நாளைக்கப்புறம். தையல் ஓரங்களுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "இங்க ரெண்டு கோட்டிங் போடலாமா?" என்னிடம்!

பெட்டியில் மெழுகு ஒட்டி, வக்கீல் சட்டையில் ஒரு திட்டு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 12, சனி

மழை! ஆறு நாளாகக் காத்திருந்தது. சாயந்திரம் இடியோடு வந்தது.

குளத்தடியில் கூடாரம் அடித்து எல்லாரும் உள்ளே. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அ.டீ., நான். முட்டியோடு முட்டி. மேலே முரசு மாதிரி சத்தம். எல்லாரும் கூரையையே பார்த்தபடி. அம்மா மடியில் ஒரு சொட்டு.

"போச்சு!" என்றார் சித்தப்பா.

அ.டீ. தொட்டுப் பார்த்தார். "இது கூரையில நின்னல்ல. உங்கட குடையில நின்னா."

சொட்டியது கூரை இல்லை, சித்தப்பாவின் குடை; அது வெளியே துரத்தப்பட்டது. மழை விடும்வரை உட்கார்ந்திருந்தோம். வேறு சொட்டு இல்லை. அப்பா உள்ளங்கையைக் கூரையில் வைத்து வைத்து எடுத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

கார்டு நான்தான் எழுதினேன். "கூடாரம் தயார். நாங்களும்."

டிசம்பர் 21, திங்கள்

ராயப்பன் பதில்: "வாங்க. ஷூ கடிக்காம பாத்துக்கங்க." ஸ்டாஃப் ரூமில் சுலோசனா டீச்சர் சத்தமாக வாசித்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "உள்ளே என்ட அடுத்து கிடக்கணும் கேட்டோ. எனிக்கு பேடியா." அவருக்குப் பயமாம், நான் பக்கத்தில் படுக்க வேண்டுமாம்.

ஷூ கடிக்கிறது. விளக்கெண்ணெய். தூக்கம் வருவதில்லை, சந்தோஷத்தில்.

டிசம்பர் 26, சனி

அடிமாலி. பஸ் சாயாவுக்கு நின்றிருக்கிறது. முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

காலையில் முதல் படகுக்குக் கூடாரத்தை அப்பாவே தலையில் தூக்கிவந்தார். படகுத்துறையில் இறக்கிவைத்தார். பத்திரம் என்பாரோ, சாப்பிடு என்பாரோ என்று நின்றேன். படகு கயிறு அவிழ்த்த பிறகு கரையிலிருந்து கேட்டார்: "ஏம்மா, அத்தனை உயரத்துல துணி காயுமா?"

தெரியாது என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

நேரியமங்கலம் தாண்டியதிலிருந்து வளைவு, வளைவு. காது அடைக்கிறது. சுலோசனா டீச்சர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி. ஒவ்வொரு திருப்பத்திலும் மலை ஒன்று கூடுகிறது. மூடுபனி, சாயாக் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கடைக்குப் பின்னால் ஒரு வீடு. கொடியில் வேட்டி, குழந்தைச் சட்டைகள். தனியாக இறங்கிப் போனேன், கால்சட்டையோடு. வேட்டியின் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல ஈரம்.

உள்ளிருந்து ஒரு பெண்: "ஆரது? எந்தா வேண்டே?"

"இது எப்ப போட்டது, சேச்சி?"

"இன்னலே."

நேற்றே போட்டதாம், இன்னும் காயவில்லை! அப்பாவிடம் சொல்லணும். கண்டக்டர் விசில். நிறுத்துகிறேன்.